ஐயுறாத கூலியாள்

எவரையும் நல்ல பக்கம் சாய்ந்தே தீர்ப்பிட வேண்டும் என்பது, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவில் யோசுவா பென் பெரகியா என்னும் யூத அறிஞர் பெயரால் வழங்கும் அறிவுரை. அதற்கு உயிரூட்டும் சிறுகதை பாபிலோனியத் தல்மூதில் உள்ளது.

மேல் கலிலேயர் ஒருவர் தென்னாட்டில் மூன்றாண்டுகள் உழைத்துவிட்டு, பாவக்கழுவாய் நாளுக்கு முந்திய நாளன்று, மனைவி மக்களுக்கு உணவளிக்கக் கூலி கேட்கிறார். பணம், தானியம், நிலம், கால்நடை, படுக்கை எதுவுமே இல்லை என்று கைவிரிக்கிறார் முதலாளி. கூலியாள் மறுபேச்சின்றி வீடு திரும்புகிறார். விழா முடிந்ததும் முதலாளியே கூலியோடும் மூன்று கழுதைச் சுமைப் பண்டங்களோடும் வந்து, தம்மைப் பற்றி என்ன எண்ணினார் என வினவுகிறார். பணம் சரக்கில் முடங்கியிருக்கும், நிலம் குத்தகையில் இருக்கும், உடைமையெல்லாம் இறைவனுக்கு நேர்ந்திருப்பீர் என்று, ஒவ்வோர் ‘இல்லை’க்கும் தாம் கண்ட நியாயத்தைக் கூலியாள் சொல்கிறார். நடந்ததும் அவ்வாறே.

கனிவு என்பது கண்மூடித்தனமன்று. பிறர் நிலையில் நின்று எண்ணிப் பார்க்கும் உழைப்பு. இதுவே கதையின் அழகு. ஆயினும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது: பொறுத்தவர் ஏழை, பொறுக்கவைத்தவர் செல்வர். அடுத்திருப்பவரை நேர்மையோடு தீர்ப்பிடச் சொல்லும் லேவியர் நூலின் 19ஆம் அதிகாரமே, கூலியை விடியும்வரை வைத்திருக்கலாகாது என்றும் கட்டளையிடுகிறது. எனவே, கூலி கேட்போரின் வாயை அடைக்க இக்கதையை எடுத்தாள்வோர் அதைப் பாதியே படித்தவராவர். கனிந்த தீர்ப்பு ஏழை மனமுவந்து அளிக்கும் கொடை. செல்வர் கேட்டுப்பெறும் உரிமையன்று.