விடை மாறினால் யார் பொறுப்பு?

2011 ஜனவரியில், பிஎச்பியில் எழுதப்பட்ட இணையத்தளங்களை ஒரே ஓர் எண்ணை வைத்து முடக்கிவிடலாம் என்று தெரியவந்தது. 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்பது அந்த எண். தளத்தில் ஏதாவது ஒரு படிவத்தில் இதை நிரப்பி அனுப்பினால் போதும். 32 பிட் சர்வர்களில், தசம எண்ணை இரும எண்ணாக மாற்றும் நிரல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சில நாட்களில் வந்த திருத்தத்தின் சாரம் ஒரே ஒரு சொல்தான்: நிரலில் ஒரு மாறியை ‘வாலடைல்’ என்று அறிவித்திருந்தார்கள். அதாவது, இந்த எண்ணை ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் எழுதிவிட்டுப் படி என்று கம்பைலருக்கு உத்தரவு.

அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விளக்கம் அப்போதே பத்தாண்டுப் பழசு. ஜிசிசி கம்பைலரின் பிழைப் பதிவேட்டில் 323ஆம் எண்ணுள்ள புகார் 2000ஆம் ஆண்டில் பதிவானது. இன்டெலின் பழைய மிதவைப் புள்ளிக் கருவி, தன் ரெஜிஸ்டர்களில் 80 பிட் அகலத்தில் கணக்குப் போடும். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 64 பிட். நினைவகத்துக்கு எழுதும்போது இலக்கங்கள் 53 பிட்டாகச் சுருங்கும். நகைக்கடைத் தராசில் நிறுத்த பொருளைக் காய்கறிக்கடைத் தராசில் மறுபடி நிறுத்த கதைதான். எந்த எண்ணை எப்போது எங்கே வைப்பது என்பது கம்பைலர் தீர்மானிப்பது. ஆகவே ஒரு வரியில் சமமாக இருந்த இரண்டு எண்கள் அடுத்த வரியில் சமமற்றுப் போகும். என்னதான் நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தால் சிக்கலே மறைந்துவிடும். அச்சிடுவதற்காக எண் நினைவகத்துக்குப் போய்வந்துவிட்டதே! இப்படிப்பட்ட ஒன்றைத் துரத்திக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவன் தன் மூளையைத்தான் முதலில் சந்தேகிப்பான்.

ஜிசிசி தரப்பின் பதில், இது பிழையே அல்ல என்பது. புகார் செல்லாது என்று மூடப்பட்டது, திறக்கப்பட்டது, மறுபடி மூடப்பட்டது. அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. கோளாறு சில்லில் இருக்கிறது, கம்பைலரில் இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் நினைவகத்துக்குப் போய்வந்தால் எல்லோருடைய நிரலும் மந்தமாகும். மூன்றாவது, மிதவைப் புள்ளி எண்களில் ‘சமமா’ என்று கேட்பவனுக்குக் கணிதம் தெரியவில்லை. முதல் இரண்டிலும் உண்மை உண்டு. மூன்றாவதிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் விவாதத்தைக் கெடுத்தது அதுதான். கேள்வி கேட்டவரின் தகுதிக்குப் பேச்சு திரும்பிய பிறகு, கேள்வி என்ன என்பது மறந்துபோகிறது. 1999ஆம் ஆண்டின் சி மொழித் தரநிலை, இடைக்கணக்கில் கூடுதல் அகலம் இருக்கலாம் என்று அனுமதித்தது; ஆனால் ஒரு மாறிக்கு மதிப்பளிக்கும்போது அந்தக் கூடுதலைக் கழித்துவிட வேண்டும் என்றும் சொன்னது. ஜிசிசி அதைச் செய்யவில்லை. விடை துல்லியமானதா என்பது ஒரு கேள்வி, கொடுத்த வாக்குப்படி நடந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் முதல் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தரநிலைப்படி நடக்கச் செய்யும் தெரிவு 2010இல், ஜிசிசி 4.5 பதிப்பில் வந்தது. அதுவும் சி மொழிக்கு மட்டும். சி++ மொழிக்கு 2023இல், 13ஆம் பதிப்பில். அதற்குள் 64 பிட் கணினிகள் வேறு வகைக் கணக்குக் கருவிக்கு மாறிவிட்டதால் பெரும்பாலோருக்குச் சிக்கல் தானாகவே தீர்ந்திருந்தது. வழக்கு தீர்ப்பாகவில்லை, நீர்த்துப்போனது.

எண்கணக்கு மென்பொருளில் இத்தகைய தகராறு விதிவிலக்கல்ல, அன்றாடம். பெரும்பாலான விடைகள் தோராயமானவை; எந்தத் தோராயம் ஏற்கத்தக்கது என்பதில் நேர்மையான இருவர் முரண்படலாம். திறமூல உலகம் இதற்குக் கண்ட வழி: சண்டையைப் பொதுவில், எழுத்தில் போடு, முடிவை எழுத்தில் வை, நிரல் எல்லோர் கண்ணிலும் படட்டும். இந்த வழக்கத்தின் அருமை, அது இல்லாத இடத்தைப் பார்த்தால் தெரியும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீருக்கு இரண்டு திரவ நிலைகள் உண்டா என்று பெர்க்லியின் டேவிட் சாண்ட்லர் குழுவும் பிரின்ஸ்டனின் பாப்லோ டெபெனெடெட்டி குழுவும் 2011 முதல் மோதிக்கொண்டன. இரு தரப்புக்கும் ஆதாரம் கணினி உருவகிப்புதான். பெர்க்லி தரப்பின் நிரல் எதிர்த் தரப்பின் கைக்குக் கிடைக்கவே பல ஆண்டுகள் ஆயின. கிடைத்த பிறகு, மூலக்கூறுகளுக்குத் தொடக்க வேகம் கொடுக்கும் இடத்தில் இருந்த கோளாறு அகப்பட்டது. 2018இல் அது அச்சில் வந்தது. ஏழு ஆண்டுகள் இயற்பியல் தகராறாக நடந்தது, நிரல் மேசைமேல் இருந்திருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கக்கூடியது. ஜிசிசியின் 323ஆவது புகார் எவ்வளவு எரிச்சலூட்டினாலும், பிஎச்பி ஆட்களால் சில நாட்களில் திருத்தம் எழுத முடிந்ததற்குக் காரணம், நோய் இன்னதென்று எங்கோ பொதுவில் எழுதப்பட்டிருந்ததுதான்.

நன்றாக நடந்த ஒரு தகராறு, ஆர் மொழியில் 2018–19இல் நடந்தது. பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஆட்களைப் பொறுக்கும் சாம்பிள் என்ற கட்டளையில், எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு இல்லை என்று கெல்லி ஒட்டோபோனியும் பிலிப் ஸ்டார்க்கும் எழுதினார்கள். காரணம் எளிது. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு பின்னத்தை எடுத்து, பட்டியலின் நீளத்தால் பெருக்கி, தசமப் பகுதியை வெட்டிவிடுவது பழைய முறை. அந்தப் பின்னம் எடுக்கக்கூடிய மதிப்புகள் சுமார் 2³²தான். பட்டியலின் நீளம் அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 172 கோடி என்றால், ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டரை மதிப்பு வர வேண்டும். அரை மதிப்பு ஏது? ஓர் எண்ணுக்கு மூன்று, அடுத்ததற்கு இரண்டு என்று மாறிமாறி விழும். பத்து லட்சம் முறை பொறுக்கினால் ஒற்றைப்படை எண்கள் 60 விழுக்காடும் இரட்டைப்படை எண்கள் 40 விழுக்காடும் வந்தன. புள்ளியியலுக்கென்றே பிறந்த மொழியில்!

எதிர்வாதம் இளைத்ததல்ல. 172 கோடியிலிருந்து யார் பொறுக்குகிறார்கள்? ஐம்பது பேரிலோ ஐயாயிரம் பேரிலோ பொறுக்கும்போது சாய்வு கண்ணுக்கே தெரியாது. ஆனால் முறையை மாற்றினால், விதை எண்ணைக் கொடுத்து அதே விடையைத் திரும்ப வரவழைக்கும் பாடநூல்கள், ஆய்வுக் கட்டுரைகள், சோதனை நிரல்கள் அத்தனையிலும் எண்கள் மாறிவிடும். சிலருக்கு உள்ள பிழையைத் தீர்க்க எல்லோருக்கும் இடைஞ்சல். ஆர் மொழியின் மையக் குழு 2019 ஏப்ரலில் 3.6.0 பதிப்பில் மாற்றியே விட்டது. பழைய முறை வேண்டுவோர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். வாங்கும்போதே, இது சம வாய்ப்புத் தராத முறை என்று ஓர் எச்சரிக்கை திரையில் வரும்.

எனக்குப் பிடித்தது அந்த எச்சரிக்கை. பழையதை ஒழிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அது என்ன என்று அதன் முகத்திலேயே எழுதிவைத்தார்கள். குறை இல்லாமலில்லை. 2018இல் எழுதிய நிரலை இன்று மாற்றாமல் ஓட்டுபவருக்கு எச்சரிக்கை ஏதும் வராது. விடை மட்டும் மாறியிருக்கும். மாற்றத்தின் செலவு, செய்தி எட்டாதவர் தலையில்தான் விழுகிறது. அப்படியும், பிழையை நிரந்தரமாக்குவதைவிட இது மேல். பைத்தானின் நம்பை நூலகம், ஒரே விதைக்கு ஒரே வரிசை என்றைக்கும் மாறாது என்ற வாக்கில் மாட்டிக்கொண்டு, மேம்பாடுகளைச் செய்ய முடியாமல் தவித்தது. 2019இல் பழைய சீரற்ற எண் கருவியை அப்படியே உறையவைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் வெளியே வந்தது.

அதே நம்பையில் ஒருமித்த முடிவு என்ற கொள்கை தோற்ற கதையும் உண்டு. விடுபட்ட தரவை எப்படிக் குறிப்பது என்று 2011இல் தொடங்கிய சண்டை அது. ஒரு தரப்பு எழுதிய நிரல் உள்ளே சேர்க்கப்பட்டது, எதிர்ப்பு அடங்கவில்லை, கடைசியில் இரு தரப்பின் முதன்மையானவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, எங்கெங்கே முரண்படுகிறோம் என்று ஓர் அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கை நாகரிகமான ஆவணம். ஆனால் சேர்த்த நிரல் 1.7 பதிப்புக்கு முன் நீக்கப்பட்டது, அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை. விளைவை அனுபவிப்பவர்கள், நம்பையின் மேல் கட்டப்பட்ட பாண்டாஸ் நூலகத்தைத் தொடும் எல்லோரும். முழு எண்கள் உள்ள நெடுவரிசையில் ஓரிடம் காலியாக இருந்தால், காலியைக் குறிக்க வேறு வழியில்லாமல் நெடுவரிசை முழுவதும் தசம எண்ணாகிவிடும். கைபேசி எண்களின் பட்டியலை ஏற்றி, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘.0’ என்ற வால் முளைத்திருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் சென்னை அலுவலகங்களிலும் ஏராளம். வால் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. 9007199254740993 என்ற அடையாள எண் சத்தமில்லாமல் 9007199254740992 ஆவதுதான் அபாயம். பாண்டாஸ் 2020இல் தனக்கென்று ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது, ஆனால் பழைய பழக்கமே இன்னும் இயல்பு. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான்; அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

2024 ஜூனில் வந்த நம்பை 2.0 இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. குறியில்லாத 8 பிட் முழு எண் 255வரைதான் தாங்கும். அப்படிப்பட்ட 200உடன் சாதாரண 100ஐக் கூட்டினால் பழைய நம்பை 300 என்றது. புதியது ஓர் எச்சரிக்கையுடன் 44 என்கிறது. முன்னேற்றமா இது என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதே 200ஐ ஒரு வரிசைக்குள் வைத்துக் கூட்டினால் பழைய நம்பையிலும் 44தான், அதுவும் எச்சரிக்கையே இல்லாமல். கூட்டும் எண் 100க்குப் பதில் 300 என்றால் வரிசை தானாக 16 பிட்டுக்கு அகலும். தரவின் மதிப்பைப் பார்த்து விதி மாறும் இந்தப் பழைய ஏற்பாட்டில், சோதனைத் தரவில் சரியாக ஓடிய நிரல் உண்மைத் தரவில் வேறாக நடக்கும். புதிய விதி கறாரானது, ஆனால் எங்கும் ஒன்றே. முன்மொழிவு, அதற்கான காரணங்கள், பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட அட்டவணை, முன்கூட்டியே சோதித்துப் பார்க்க ஒரு சுவிட்ச் என்று எல்லாம் ஒழுங்காக நடந்த மாற்றம் இது.

ஒழுங்காக நடந்ததிலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. நம்பையின் விதிப்படி, ஒரு முன்மொழிவை ஏற்கப்போவதாக அறிவித்து, 7 நாட்களுக்குள் சாரமான எதிர்ப்பு வராவிட்டால் அது ஏற்கப்பட்டதாகும். அதற்குமுன் மாதக்கணக்கில் விவாதம் நடந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விவாதத்தில் பேசுபவர்கள் யார்? ஆங்கிலத்தில் சரளமாக வாதாடவும், வேலை நேரத்தில் அதைச் செய்யவும் வசதியுள்ளவர்கள். பாதிக்கப்படப்போகும் ஆய்வகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அப்படி ஒரு பேச்சு நடப்பதே தெரியாது. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் முறையில், காதில் விழாதவரும் சம்மதித்தவராகிறார். இதற்காகப் பராமரிப்பாளர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2006இல் 1.0 வெளியான நம்பைக்கு முதல் பெரிய நிதிநல்கை, மூர் அறக்கட்டளையிடமிருந்து, 2017இல்தான் கிடைத்தது. அதுவரை உலகின் பாதி அறிவியல் கணக்கு சிலருடைய ஓய்வு நேரத்தில் ஓடியது. களைத்த மனிதர்தான் புகாரைச் ‘செல்லாது’ என்று மூடுகிறார்.

2023இல் நம்பையின் சைன், கொசைன் கணக்குகளை வேகமாக்கும் நிரல் ஒன்று உள்ளே வந்தது. வேகத்துக்கு விலை, கடைசி இலக்கத்தில் ஒன்றுக்குள் இருந்த பிழை நான்குவரை போகலாம் என்பது. நான்கு என்றாலும் அது பதினாறாவது இலக்கத்தில்தானே என்று ஒரு தரப்பு. கோணங்களை வைத்தே பிழைப்பு நடத்தும் நூலகங்களின் சோதனைகள் உடைகின்றன என்று மறுதரப்பு. 64 பிட் எண்களுக்கு அந்த வேகப் பாதை பிறகு அணைத்துவைக்கப்பட்டது. அதைச் சாதித்தது சித்தாந்தமல்ல. வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பில் தங்கள் நிரலை ஓட்டிப் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, எண்களை நம்பி வேலை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நூலகத்தின் அடுத்த பதிப்புக்கு முன்னோட்டம் வரும்போது, உங்களுடைய உண்மையான நிரலில் ஒன்றை அதில் ஒருமுறை ஓட்டுங்கள். விடை மாறினால், பழைய விடை, புதிய விடை, இரண்டையும் வரவழைக்கும் ஐந்து வரி நிரல், இவ்வளவையும் எழுதிப் போடுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. எண்கள் எல்லோருக்கும் புரியும்.