அட்டையில் வெட்டிய மாத்திரை

தமிழ் சினிமாவில் போதைக்கு ஒரே நிறம்தான். வெள்ளை. 2018இல் வந்த ‘கோலமாவு கோகிலா’வுக்குத் தலைப்பே அந்தப் பொடிதான். அடுத்த வருஷம் ‘கைதி’யில் 900 கிலோ. 2022இல் ‘விக்ரம்’ வந்தபோது கிலோ கணக்கு போய் கன்டெய்னர் கணக்கு ஆகிவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘கைதி’யை மூன்று முறை பார்த்தவன் நான். லோகேஷ் கனகராஜ் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர், கிணத்துக்கடவு. அவர் படங்களில் போதைப்பொருள் கதையை ஓட்டுவதற்கான ஒரு சரக்கு, அவ்வளவுதான். அந்த இடத்தில் தங்கம் இருந்திருந்தாலும் டில்லி விடியும்வரை லாரி ஓட்டித்தான் ஆக வேண்டும்.

என் சிக்கல் சினிமாவோடு இல்லை. சினிமாவிலிருந்து இறங்கி அந்தப் படிமம் போய் உட்கார்ந்திருக்கும் இடத்தோடு. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு போதைப்பொருள் ஒழிப்பை இயக்கமாகவே தொடங்கியது. பள்ளி, கல்லூரிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். அதையொட்டி எங்கள் பக்கத்துச் சுவர்களிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் நான் பார்த்த விழிப்புணர்வுப் படங்கள் எல்லாவற்றிலும் அதே வெள்ளைப் பொடி, மண்டை ஓடு, விலங்கு மாட்டிய கை. கூலிங் கிளாஸ் வில்லன் மட்டும்தான் இல்லை.

இனி அதே ஊர் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தைப் பாருங்கள். கோவை, திருப்பூர் பதிப்புகளில் சில வருஷங்களாகத் திரும்பத் திரும்ப வரும் செய்தி வேறு மாதிரியானது. ‘வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்ற இளைஞர்கள் கைது.’ பக்கத்தில் மேஜைமேல் அடுக்கிய அட்டைகளின் படம். பெரும்பாலும் அது டபென்டடால். அறுவை சிகிச்சைக்குப் பின்பும், தண்டுவட வலிக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற, அபின் குடும்பத்தைப் போலவே மூளையில் வேலை செய்கிற மாத்திரை. அதைப் பொடித்து, நீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையை உருட்டி நிறுத்துவதற்காகச் சேர்க்கும் மாவும் டால்க்கும் ரத்தத்தில் போய் நுரையீரலின் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். ஊசியைப் பகிர்ந்தால் கல்லீரல் அழற்சியும் எச்ஐவியும் கூடவே வரும். ஒரு வில்லனும் இல்லாமல், ஒரு கன்டெய்னரும் இல்லாமல் இது நடக்கிறது.

போஸ்டருக்கும் செய்திக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்துக்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை, மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ‘டிரக்’ என்ற ஒரே சொல் காய்ச்சல் மருந்தையும் ஹெராயினையும் சுமக்கிறது. தமிழில் நாம் ஒழுங்காகப் பாத்தி கட்டிப் பிரித்துவிட்டோம். இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் போதைப்பொருள். அட்டையில் இருப்பது மருந்து. மருந்து எப்படிங்க போதையாகும்? கஞ்சாவைக் கண்டால் அலறும் வீட்டில் பையன் பாக்கெட்டிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தால், ‘என்னடா ஆச்சு, மேலுக்குச் சரியில்லையா’ என்றுதான் கேட்போம்.

அதே தமிழில்தான் ‘மாத்திரை’ என்ற சொல்லும் இருக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும். மாத்திரை என்றால் அளவு. விழுங்குகிற உருண்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான், அளந்து வைத்த மருந்து என்பதால். அளவு தெரியாத மாத்திரை என்று ஒன்று இருக்கவே முடியாது, சொல்லளவில். நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது அதுதான்.

அங்கே போலி மாத்திரைகள் பிரபலமான மருந்துகளின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. நீல நிறம், ஒரு பக்கம் ‘எம்’, மறுபக்கம் ‘30’. பார்த்தால் 30 மில்லிகிராம் ஆக்ஸிகோடோன். உள்ளே ஃபென்டனில். மார்ஃபினைவிட சுமார் 100 மடங்கு வீரியம் கொண்டது. அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் மைக்ரோகிராமில் அளந்து கொடுப்பது. பழக்கமில்லாத உடலுக்கு 2 மில்லிகிராமே உயிருக்கு ஆபத்து. இதை எங்கோ ஒரு கொட்டகையில் மாவோடு கலந்து அச்சில் அடிக்கிறார்கள். கலவை சீராக இருக்காது. ஒரே தட்டில் அடித்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றில் ஒன்றுமே இருக்காது, இன்னொன்றில் மூன்று பேரைக் கொல்லும் அளவு இருக்கும். பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரலில் இறந்தார். சாதாரண வலி மாத்திரை என்று நினைத்துத்தான் ஃபென்டனில் கலந்த போலியை அவர் விழுங்கினார் என்று இரண்டு வருஷ விசாரணைக்குப் பின் அரசு வழக்கறிஞர் அறிவித்தார்.

காங்கேயம் எண்ணெய் ஊர். களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பின் வாசத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தே, இது சுத்தம், இது பாமாயில் கலந்தது என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மாத்திரைக்கு அந்த மூக்கு யாருக்கும் இல்லை. நிறமும் எழுத்தும் மட்டும்தான் சாட்சி, அதையும் அச்சடித்துவிடலாம்.

அமெரிக்கப் போதைத் தடுப்பு முகமை 2021 செப்டம்பரில் தொடங்கிய பிரச்சாரத்தின் பெயரே ‘ஒரு மாத்திரை கொல்லும்’. அதன் படங்களை நான் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறேன். மண்டை ஓடு முக்கியமில்லை அங்கே. அசல் ஒன்று, போலி ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். எது எது என்று கண்டுபிடியுங்கள் என்கிறது. கண்டுபிடிக்க முடிவதில்லை. இன்னொரு படத்தில் பென்சில் முனையில் ஒட்டியிருக்கும் சில துகள்கள், அதுதான் 2 மில்லிகிராம். தாங்கள் கைப்பற்றிச் சோதித்த போலிகளில் 2023இல் பத்துக்கு ஏழு உயிர்போக்கும் அளவு கொண்டவை என்றும் சொன்னார்கள். விமர்சனமாகப் பார்த்தால் இந்தப் பிரச்சாரத்துக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. அது பொருளைக் காட்டுகிறது, பாவத்தைக் காட்டவில்லை. எண்பதுகளில் நான்சி ரீகன் ‘வேண்டாம் என்று சொல்’ என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னதற்கும், போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் எடுத்ததற்கும் நீண்டகாலப் பயன் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன. அதே பழைய பாட்டைத்தான் நாம் இப்போது உறுதிமொழியாக வாசிக்கிறோம்.

பொருளைக் காட்டுவது எப்படி என்பதற்கு நான் பார்த்ததில் சிறந்த உதாரணம் ‘டோப்சிக்’. பெத் மேசியின் புத்தகத்தை வைத்து 2021இல் எட்டு பாகங்களாக வந்த தொடர். மைக்கேல் கீட்டன் ஒரு சுரங்க ஊரின் டாக்டர். நல்ல மனுஷர். கம்பெனி ஆள் சொல்வதை நம்பி, முதுகில் அடிபட்ட ஒரு சுரங்கத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஆக்ஸிகான்டின் எழுதிக் கொடுக்கிறார். வலி திரும்ப வருகிறது. கம்பெனி ஆள் என்ன சொல்கிறான்? அளவை இரட்டிப்பாக்குங்கள். அப்புறம் மறுபடியும் இரட்டிப்பு. முழுத் தொடரின் திகிலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, ஒரு டாக்டர் சீட்டில் ஒரு எண் மாறுகிறது. பின்பு அந்த டாக்டரே ஒரு விபத்துக்குப் பின் அதே மாத்திரையில் விழுகிறார். அவர் முகத்தைப் பார்த்தபோது என்னால் ஒரு வெறுப்பும் கொள்ள முடியவில்லை. தமிழில் இப்படி ஒரு பாத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. நமக்குப் போதையில் விழுபவன் வில்லனின் அடியாள், அல்லது ஹீரோ திருத்த வேண்டிய பையன்.

இந்தியில் ‘உட்தா பஞ்சாப்’ கிட்டத்தட்ட அங்கே போனது. 2016இல் தணிக்கை வாரியத்தோடு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சண்டை போட்டு ஒரே ஒரு வெட்டோடு வந்த படம். ஷாஹித் கபூரின் ஆட்டம்தான் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அதில் முக்கியமானது அடக்கமான இன்னொரு இழை. போலீஸ்காரரின் தம்பி ஊசியில் விழுகிறான். அண்ணனும் ஒரு பெண் டாக்டரும் துப்பு பிடித்துப் போனால் வழி எல்லைக்கு அப்பால் போகவில்லை, ஒரு மருந்து ஆலையில் போய் முடிகிறது. அந்த இழையை இயக்குநர் இன்னும் நம்பியிருக்கலாம், கடைசியில் துப்பாக்கிச் சத்தத்தில் கரைத்துவிட்டார்.

மருந்து ஆலை என்றதும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு டிரமடாலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. டபென்டடால் பட்டியலுக்கு வெளியே நின்றது. காலியான நாற்காலியில் அது வந்து உட்கார்ந்தது. 2025 பிப்ரவரியில், மும்பை நிறுவனம் ஒன்று டபென்டடாலோடு காரிசோப்ரடாலைக் கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதை பிபிசி ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. சில நாட்களில் அந்தக் கலவைக்கான அனுமதிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது. நல்லது. அடுத்து அந்த நாற்காலிக்கு யார்? அமெரிக்காவில் 2010இல் ஆக்ஸிகான்டினைப் பொடிக்க முடியாதபடி மாற்றினார்கள். பலர் ஹெராயினுக்குப் போனார்கள், 2013 வாக்கில் ஃபென்டனில் வந்தது, அப்புறம் அதே ஃபென்டனில் மாத்திரை வேஷம் கட்டியது. சட்டம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் பழக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அசல் மாத்திரையை மட்டும் பிடுங்கினால் போலிக்குச் சந்தை தயாராகிவிடும். இந்தூரில் 2018 செப்டம்பரில் ஒரு கள்ள ஆய்வகத்தில் 9 கிலோ ஃபென்டனில் பிடிபட்டது. தயாரிக்கத் தெரிந்த கைகள் இந்தியாவிலும் இருக்கின்றன.

நம்மிடம் அந்தப் போலியை எதிர்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா? எந்த மெடிக்கலிலும் அரை மணிநேரம் நின்று பாருங்கள். ‘அண்ணா, இடுப்பு வலிக்கு ரெண்டு குடுங்க.’ அவர் கத்தரிக்கோலால் அட்டையில் ரெண்டை வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, ‘சாப்ட்டுட்டுப் போடுங்க’ என்பார். பெயர் பாதி அந்தப் பக்கம் போயிருக்கும். தொகுதி எண், காலாவதித் தேதி இரண்டும் மிச்ச அட்டையில். நான் கோடு எழுதிச் சம்பாதிப்பவன். அடையாளம் சரிபார்க்காமல் எதையும் உள்ளே விடாதே என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்து, பெயர் தெரியாத வெள்ளை வட்டத்தைத் தண்ணீரோடு விழுங்குகிறோம். போதைக்காக வாங்கும் பையன் செய்வதும் இதையேதான், கடை மட்டும் வேறு.

எந்தப் போஸ்டரிலும் நான் பார்க்காத சில விஷயங்கள் இருக்கின்றன. இந்த வகை மருந்து அதிகமானால் மூச்சு விடச் சொல்லும் மூளையின் கட்டளை மங்கும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், உதடு நீலமாகும், தொண்டையில் களகளவென்று குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். அசந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள். அது தூக்கம் இல்லை. தட்டி எழுப்பியும் எழவில்லை என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தனியே விடக் கூடாது. நாலக்ஸோன் என்ற ஊசி சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதுதான். மருத்துவமனையில் என்ன போட்டுக்கொண்டான் என்று மறைக்காமல் சொன்னால் அதைத் தாமதமில்லாமல் போட உதவும். கூட இருந்த நண்பன் போலீஸுக்குப் பயந்து ஓடிவிட்டால் அதைச் சொல்ல ஆள் இருக்காது. தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் 64ஏ என்ற பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. 14446 என்று சிகிச்சைக்கான இலவச எண்ணும் இருக்கிறது. சுவர்களில் பெரிய எழுத்தில் இருப்பது புகார் கொடுப்பதற்கான எண்.