லாஹுமாவின் வயல்

மலாய் எழுத்தாளர் ஷானோன் அகமது 1966இல் வெளியிட்ட ‘ரஞ்சாவ் செபஞ்சாங் ஜாலான்’ என்னும் நாவல் ஊழின் கதை என்றே பெரிதும் போற்றப்படுகிறது. அப்போற்றுதல் பாதி உண்மையே. நம் முன்னோர் கடாரம் என்றழைத்த கெடா மாநிலத்திலே, சிக் வட்டாரத்திற் பிறந்தவர் ஆசிரியர். அங்குள்ள பங்குல் டெர்டாப் என்னும் சிற்றூரே கதைக்களம். லாஹுமா என்னும் உழவன், மனைவி ஜேஹா, ஏழு பெண்மக்கள். இவர்களைச் சுற்றியே கதை நடக்கிறது. எல்லாம் இறைவன் செயல் என்பது லாஹுமாவின் நம்பிக்கை.

ஆயினும் பயிர்த்தொழில் அறிந்தவர் இந்நாவலைப் படித்தால் வேறொன்று புலனாகும். ஆண்டுக்கு ஒரு போகம். அதற்கும் மழையே கதி. வீட்டாரின் உழைப்பன்றி வேறு முதல் இல்லை. ஒருவர் படுத்துவிட்டால் பருவம் காத்திருக்காது. லாஹுமாவின் காலில் நிபோங் முள் தைக்கிறது. கால் வீங்குகிறது, உடல் வீங்குகிறது, அவன் மாள்கிறான். நிலம் அங்கேயேதான் கிடக்கிறது. இல்லாமற் போனவை இரண்டு கைகள். அக்குறையைத் தன் உடலால் நிரப்ப முயல்கிறாள் ஜேஹா. பயிரை நண்டு வெட்டுகிறது. நெல் முற்றும் வேளையில் தியாக் குருவிகள் கூட்டங் கூட்டமாய் இறங்குகின்றன. போராடிப் போராடி அவள் சித்தம் கலங்குகிறது. இந்த அலைக்கழிவைச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் நடையால் ஆசிரியர் உணர்த்துகிறார். அந்நடை சிலருக்குச் சலிப்பூட்டலாம். குனிந்து நாற்று நட்டவர்க்குச் சலிப்பூட்டாது.

குறையும் உண்டு. நண்டுக்கும் குருவிக்கும் இத்துணை இடம் தந்த ஆசிரியர் கடனுக்கும் வணிகனுக்கும் தந்த இடம் மிகச் சிறிது. கெடா உழவர் பலர் அறுவடைக்கு முன்பே விளைச்சலைக் குறைந்த விலைக்கு விற்று, அம்முன்பணத்தில் வயிறு கழுவினர். ‘பாடி குஞ்சா’ எனப்பட்ட இம்முறையைப் பொருளியலறிஞர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். களத்தில் நெல் குவிந்த அன்றே அது பிறர் நெல்லாகிவிடும். நல்ல விளைச்சலும் பசியும் ஒரே வீட்டில் குடியிருந்தது இதனால்தான். இக்கணக்கு நாவலில் விரிந்திருக்குமாயின், பசிக்கு இயற்கையும் இறைவனுமே காரணம் என்ற மயக்கம் வாசகருக்கு எழாது.

நாவல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1970இல், மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் கெடா, பெர்லிஸ் சமவெளிகள் இரண்டாம் போகம் கண்டன. மூடா அணை நிற்பது சிக் வட்டாரத்தில். அதன் நீர் பாய்வதோ கடலோரச் சமவெளியில். லாஹுமாவின் ஊர் அப்பாசனப் பரப்பினுள் இல்லை. இதனை மனத்திற்கொண்டு நாவலை மீண்டும் படிப்பவர்க்கு, லாஹுமா வானத்தை நோக்கும் இடங்கள் வேறாகத் தோன்றும்.

கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 1994இல் இக்கதையைத் தம் நாட்டு வயலுக்கு மாற்றித் திரைப்படமாக்கினார். பெயர்களும் மொழியும் மாறின. முள் அதே முள்ளாகவே இருந்தது.