பதில் வராத மறுமுனை

கருங்குழியில் ஒரு நெல் மண்டியில், 40 மூட்டை இருப்பில் ஏறி, அதற்கான தொகை விவசாயியின் வரவில் ஏறுமுன்னே மின்சாரம் போய்விட, அவர் கணக்குப்பிள்ளையிடம் கேட்டது என் மனத்தில் நிற்கிறது: "இங்க நின்னுபோச்சே, செங்கல்பட்டு மிஷினுக்கு அது தெரியுமா, ஐயா?"

உடனே தெரியாது. முறைப்படி விடைபெறும் கணினி 'முடிந்தது' என்று ஒரு சிறு செய்தி அனுப்பிவிட்டுப் போகும். மின்சாரம் அறுந்த கணினியோ ஒன்றும் சொல்வதில்லை. ஆகையால் தூரத்துத் தரவுத்தள சர்வர், எதிர்முனை உயிரோடிருப்பதாகவே நம்பி, அந்தப் பதிவின்மேல் போட்ட பூட்டை எடுக்காமல் காத்திருக்கிறது. லினக்ஸின் இயல்பான ஏற்பாட்டில், 7,200 விநாடி மௌனத்துக்குப் பிறகே 'இருக்கிறாயா?' என்ற முதல் விசாரணை; பின்னர் 75 விநாடிக்கு ஒன்றாக மொத்தம் 9 முறை; எதற்கும் பதில் வராவிட்டால்தான், ஏறக்குறைய 2 மணி 11 நிமிடம் கழித்து, இணைப்பு இறந்ததென்று தீர்மானம். மண்டிக்கு இவ்வளவு நிதானம் ஆகாது. அனுபவமுள்ள நிர்வாகிகள் இதைச் சில நிமிஷங்களாகக் குறைத்துவிடுவார்கள். 2021-இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 14 என்ற தரவுத்தள மென்பொருள், நீண்ட வேலையின் நடுவிலேயே, கேட்டவரின் இணைப்பு மூடப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளும் வசதியையும் தந்தது.

எனினும் என்னை வசீகரிப்பது அதன் பிறகு நடக்கும் காரியமே. மறுமுனை போய்விட்டதென்று நிச்சயமானதும், யாரும் சொல்லாமலே, ஏறிய அந்த 40 மூட்டையையும் இருப்பிலிருந்து இறக்கி, பூட்டை அவிழ்த்து, தொடப்படாத ஏடுபோலக் கணக்கை வைத்துவிடுகிறது சர்வர். பாதி உண்மையை அது ஒருபோதும் சேமிப்பதில்லை. மின்சாரம் திரும்பியபோது இருப்பில் அந்த மூட்டைகள் இல்லை. கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் மூட்டையிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.