எந்த அலைவரிசை சேஃப்? — இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து ஒரு வாசிப்பு

ஆஸ்பத்திரியில் ஆர்.எஃப்.ஐ.டி வைப்பது பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி ஒன்றுதான்: "எந்த அலைவரிசை சார் சேஃப்?" கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். பதில் சொல்பவரும் சும்மா சொல்வதில்லை, கைவசம் ஒரு ஆய்வுக் கட்டுரை வைத்திருப்பார். சிக்கல் என்னவென்றால், யார் கையில் எந்தக் கட்டுரை இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாகிவிடும். அப்படிப்பட்ட இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்து வாசித்து எழுதிய குறிப்பு இது. இரண்டுமே நேர்மையான ஆய்வுகள். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கேள்வியே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியில் தலைக்கு மேலே இருக்கும் ஆண்டெனா 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே டேக் தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதே அலையைச் சற்று மாற்றித் திருப்பி அனுப்புகிறது. எதிரொலிக்கும் சக்தியைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே எழுதிவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரீடரின் ஆண்டெனா செய்தியை மட்டும் அனுப்பவில்லை, டேக்குக்குச் சோறும் போடுகிறது. அதனால்தான் அது உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இதே டேக் சிரிஞ்ச் பம்பிலும், ரத்தப் பையிலும், சக்கர நாற்காலியிலும் ஒட்டப்படுகிறது. காரணம் நியாயமானது. அவசரத்தில் பம்ப் எங்கே என்று நர்ஸ் மூன்று மாடி தேடக்கூடாது. அறுவைச் சிகிச்சையில் வயிற்றுக்குள் பஞ்சுத்துணி தங்கிவிடாமல் பார்க்கவும் இது உதவும். ஸ்டான்ஃபோர்டில் 8 நோயாளிகளிடம் செய்த சிறிய சோதனை ஒன்று 2006-ல் வெளிவந்தது. ஆக, இது வேண்டாத தொழில்நுட்பம் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை.

முதல் கட்டுரை: ஆம்ஸ்டர்டாம், 2008

ரெம்கோ வான் டெர் டோக்ட் குழுவினர் ஆம்ஸ்டர்டாமின் பல்கலைக்கழக மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஒரு காலி அறையில், நோயாளி யாரும் இணைக்கப்படாத நிலையில், 41 மருத்துவக் கருவிகளைச் சோதித்தார்கள். ஜாமா இதழில் 2008 ஜூனில் வெளிவந்தது. கணக்கில் வந்த குறுக்கீடுகள் 34. அதில் 22 ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்டன. வென்டிலேட்டர் அணைந்துபோனது, சிரிஞ்ச் பம்ப் அப்படியே நின்றது, வெளியில் வைக்கும் பேஸ்மேக்கர் தடுமாறியது என்று போகிறது பட்டியல். 868 மெகாஹெர்ட்ஸ் ரீடர் 41 கருவிகளில் 26-ஐப் பாதித்தது. 125 கிலோஹெர்ட்ஸ் அமைப்பு பாதித்தது 8-ஐ மட்டும். குறுக்கீடு நிகழ்ந்த தூரத்தின் இடைநிலை அளவு 30 சென்டிமீட்டர். அதிகபட்சம் 6 மீட்டர்.

இதை வாசித்தவர் என்ன முடிவுக்கு வருவார்? உயர்ந்த அலைவரிசை மோசம், தாழ்ந்தது பரவாயில்லை.

இரண்டாம் கட்டுரை: எஃப்.டி.ஏ, 2010

அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் உடலுக்குள் வைக்கும் கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். 15 பேஸ்மேக்கர், 15 டிஃபிப்ரிலேட்டர், 13 ரீடர். உடலுக்குப் பதிலாக உப்புநீர். தாழ்ந்த அலைவரிசையில், அதாவது 134 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், பேஸ்மேக்கர் சோதனைகளில் 67 சதவீதத்திலும் டிஃபிப்ரிலேட்டர் சோதனைகளில் 47 சதவீதத்திலும் ஏதோ ஒரு எதிர்வினை தெரிந்தது. பேஸ்மேக்கர் விஷயத்தில் அது 60 சென்டிமீட்டர் வரை எட்டியது. 13.56 மெகாஹெர்ட்ஸில் இந்த எண்கள் 6 சதவீதம், 1 சதவீதம் என்று இறங்கின. உயர்ந்த அலைவரிசையில் ஒன்றுகூட இல்லை.

இதை மட்டும் வாசித்தவர் நேர் எதிர் முடிவுக்கு வருவார். தாழ்ந்தது மோசம், உயர்ந்தது பத்திரம்.

இரண்டு கட்டுரைகளையும் மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் தங்களுக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். விற்கிறவருக்கு இரண்டாவது இனிக்கும், பயமுறுத்துகிறவருக்கு முதலாவது. ஆனால் இரண்டுக்கும் இடையில் முரண்பாடே இல்லை. கேட்கும் காது வேறு, அவ்வளவுதான்.

காதாக மாறும் கம்பிகள்

868 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 34.5 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு 8.6 சென்டிமீட்டர். ஒரு கம்பி அந்த அளவிலோ அதன் மடங்கிலோ இருந்தால் அந்த அலையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இப்போது கட்டிலருகே இருக்கும் பம்பைப் பாருங்கள். சென்சார் கேபிள், அலாரம் கேபிள், பவர் கார்டு, உள்ளே சர்க்யூட் போர்டுகளை இணைக்கும் பட்டைக் கம்பிகள், மேலே பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை. யாரும் ஆண்டெனா என்று பெயர் வைக்காத அத்தனை ஆண்டெனாக்கள் அதில் இருக்கின்றன.

உடலுக்குள் இருக்கும் பேஸ்மேக்கர் கதை வேறு. அது டைட்டானியக் கூட்டுக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள தசை உயர்ந்த அலைவரிசையை நன்றாகவே தின்றுவிடும். போதாததற்கு, கம்பி கூட்டுக்குள் நுழையும் வாசலிலேயே வடிகட்டி இருக்கிறது. இந்த வடிகட்டி இயற்கை கொடுத்த வரம் இல்லை. 1990-களில் செல்போன் பேஸ்மேக்கரைக் குழப்புகிறது என்று தெரிந்தது. 980 நோயாளிகளிடம் செய்த சோதனை 1997-ல் வெளிவந்தது. அந்தச் சண்டையின் விளைவாகத்தான் இந்தக் கவசம் பரவலானது.

அப்படியானால் தாழ்ந்த அலைவரிசையில் ஏன் அடி விழுகிறது? 125 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.4 கிலோமீட்டர். அங்கே ஆண்டெனா என்பது உண்மையில் ஒரு கம்பிச்சுருள்; ரீடரும் டேக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகள் மாதிரி. மார்பிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியும், பேஸ்மேக்கர் கூடும், நடுவிலுள்ள உடலும் சேர்ந்து தாங்களே ஒரு வளையமாகிவிடுகின்றன. மோசமான நிலைக்கு அதன் பரப்பை 225 சதுர சென்டிமீட்டர் என்று எடுப்பது வழக்கம். காந்தப்புலத்தைத் தசையும் தடுக்காது, டைட்டானியமும் பெரிதாகத் தடுக்காது. ரீடர் விட்டுவிட்டுத் துடிக்கும்போது அந்தத் துடிப்பின் வேகம் இதயத்துடிப்பின் எல்லைக்குள் வந்துவிட்டால், மில்லிவோல்ட்டுகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கருவி "இதயம் தானே துடிக்கிறது" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடலாம். டிஃபிப்ரிலேட்டராக இருந்தால் "இதயம் கட்டுமீறி ஓடுகிறது" என்று நினைத்து வேண்டாத ஷாக் கொடுக்கலாம்.

ஆக, ஆபத்து அலைவரிசையில் மட்டும் இல்லை. கத்துகிற ஆண்டெனாவும், யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிற ஆண்டெனாவும் சேர்ந்த ஜோடியில் இருக்கிறது. நாம் வாங்குவது முதல் ஆண்டெனாவைத்தான். இரண்டாவது ஏற்கெனவே வார்டில் இருக்கிறது.

என் விமர்சனம்

ஆம்ஸ்டர்டாம் கட்டுரை குறுக்கீடு நிகழ்ந்த இடத்தை மீட்டரில் சொல்கிறது. படிக்க எளிது, ஆனால் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக முடியாது. ஏனென்றால் கருவியைத் தாக்குவது தூரம் இல்லை, மின்புலம். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அமெரிக்க விதிப்படி உயர்அலைவரிசை ரீடர் ஆண்டெனாவோடு சேர்த்து 4 வாட் வரை வீசலாம். அப்படி வீசினால் நேர்முகமாக 1 மீட்டரில் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 11 வோல்ட். 30 சென்டிமீட்டரில் 36 வோல்ட் (அவ்வளவு கிட்டத்தில் இந்தச் சூத்திரம் தோராயம்தான்). ஆம்ஸ்டர்டாம் சோதனைக் காலத்தில் நடப்பில் இருந்த ஐ.இ.சி 60601-1-2 தரநிலை, சாதாரணக் கருவி 3 வோல்ட்டைத் தாங்கினால் போதும், உயிர்காக்கும் கருவி 10 வோல்ட்டைத் தாங்க வேண்டும் என்றது. 3 வோல்ட்டுக்கு இறங்க 3.6 மீட்டர் தள்ளிப்போக வேண்டும். அதாவது பக்கத்துக் கட்டில் வரை எட்டுகிறது. அந்த எல்லைக்குள் கருவி கண்டிப்பாகக் கெடும் என்று அர்த்தமில்லை. அங்கே அதை யாரும் சோதித்ததில்லை என்றுதான் அர்த்தம். இப்படிப் பார்த்தால் அந்த 34 குறுக்கீடுகள் அதிர்ச்சியான செய்தியே இல்லை, எதிர்பார்த்திருக்க வேண்டியவை.

அடுத்தது அதன் பரிந்துரை. ஐ.சி.யூ.வில் பொருத்துமுன் அந்தந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும், சர்வதேசத் தரநிலைகளைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டாவதில் மறுபேச்சில்லை. முதலாவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டேக் எதற்கு ஒட்டுகிறோம்? பொருள்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால். இடத்தில் செய்யும் சோதனையோ இன்று இந்தப் பம்ப், இந்தக் கேபிள், இந்த மூலையில் என்று கணக்கிடுகிறது. நாளைக்கு வேறு மாடல் பம்பைத் தள்ளிக்கொண்டு வந்து ரீடருக்கு நேர் கீழே நிறுத்தினால் சோதனைச் சான்றிதழ் வெறும் காகிதம். எது நகர்கிறதோ அதைக் கண்காணிக்க ஒரு அமைப்பு வாங்கிவிட்டு, அது நகராது என்று நம்பிச் சோதிப்பது பொருந்தவில்லை.

எஃப்.டி.ஏ ஆய்வில் எனக்கு உள்ள குறை அதன் மேல் இல்லை, அதை வாசிக்கும் முறை மேல். "உயர்ந்த அலைவரிசையில் எதிர்வினை இல்லை" என்ற வரியை மட்டும் பிய்த்தெடுத்து, மொத்த ஆஸ்பத்திரிக்கும் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறார்கள். அது கவசம் போட்ட கருவிகளுக்கான முடிவு. கவசம் இல்லாத பம்புக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இன்னொரு சமாதானமும் அடிக்கடி காதில் விழும்: ஆர்.எஃப்.ஐ.டி.யால் நோயாளிக்குத் தீங்கு என்று புகார் வரவில்லையே? பம்ப் நின்றால் நர்ஸ் என்ன செய்வார்? அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓடவிடுவார். நோயாளிதான் முக்கியம், சரியான வேலை. அந்த நொடியில் பின்சுவரில் எந்த ரீடர் விழித்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? புகார் இல்லை என்பது காரணம் தெரியவில்லை என்பதற்கும் பொருந்தும்.

கத்தலும் கிசுகிசுப்பும்

உடலுக்குள் இருக்கும் கருவியோடு பேசும் ரேடியோ இதற்கு நேர் எதிர்ச் சாதி. 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை அமெரிக்காவில் 1999-ல் இதற்காக ஒதுக்கப்பட்டது. அனுமதித்த சக்தி 25 மைக்ரோவாட். 4 வாட்டோடு ஒப்பிட்டால் 1,60,000 மடங்கு குறைவு. கண்காணிப்புத் துறையில் "எத்தனை மீட்டரில் படிக்கும்" என்பது பெருமை. இங்கே அதே மீட்டர் ஒரு அபாயம். 2008-லேயே, ஜாமா கட்டுரைக்கு ஒரு மாதம் முன்னால், இன்னொரு ஆய்வுக்குழு சாஃப்ட்வேர் ரேடியோவை வைத்து ஒரு டிஃபிப்ரிலேட்டரின் 175 கிலோஹெர்ட்ஸ் பேச்சை ஒட்டுக்கேட்டு, கட்டளையும் கொடுத்துக் காட்டியது. கருவி, பேசுவது யார் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவர் டாக்டராகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டது. குறுக்கீடு, தாக்குதல் என்று நாம் இரண்டு துறையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கேட்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பலவீனம்.

தரநிலைகள் மெல்ல நகர்ந்தன. 60601-1-2-இன் 2014 பதிப்பு 30 சென்டிமீட்டரில் செல்போன் வகை ரேடியோ வந்தால் தாங்குமா என்று பார்க்கச் சொன்னது. 870 மெகாஹெர்ட்ஸில் 28 வோல்ட். உயர்அலைவரிசை டேக் ரீடர் பக்கம் அது வந்து சேர்ந்தது செல்போன் புண்ணியத்தில். ரீடர்களுக்கென்றே ஏ.ஐ.எம் அமைப்பின் 7351731 என்ற தரநிலை இருக்கிறது. அதன் இரண்டாம் திருத்தம் 2017-ல் வந்தது. கிட்டத்துக் காந்தப்புலச் சோதனை (134.2 கிலோஹெர்ட்ஸ், 13.56 மெகாஹெர்ட்ஸ் உட்பட) 60601-1-2-க்குள் நுழைந்தது 2020 திருத்தத்தில்தான். ஆம்ஸ்டர்டாம் எச்சரிக்கைக்கும் அதற்கும் இடையில் 12 ஆண்டுகள். ஆஸ்பத்திரிக் கருவிகள் பத்து, பதினைந்து வருஷம் ஓடுபவை. புதிய தரநிலை பழைய பம்பைத் திருத்தாது.

அதனால் வாங்கும் குழுவில் உட்காருகிறவர்கள் "எந்த அலைவரிசை சேஃப்?" என்பதை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். ரீடரிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் 1 மீட்டரிலும் புலம் எவ்வளவு, மீட்டருக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்? அந்த வார்டில் உள்ள கருவிகள் தரநிலையின் எந்தப் பதிப்புக்குச் சோதிக்கப்பட்டவை? ரீடரைக் கட்டிலருகே வைக்காமல் வாசலிலோ அலமாரிக்குள்ளோ, குறைந்த சக்தியில் வைத்தால் வேலை நடக்குமா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் "நடக்கும்" என்பதுதான் பதில். பம்ப் எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கட்டிலின் எந்தப் பக்கம் என்பதை நர்ஸ் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

விற்பனையாளர் முதல் கேள்விக்கு மீட்டரில் பதில் சொன்னால், மறுபடி கேளுங்கள்.