அவளைக் கேட்டார்களா?

அலெக்சாண்டர் சோல்ஷெனித்சினின் ‘கேன்சர் வார்டு’ நாவலின் கடைசிப் பக்கங்களில் ஒரு கடிதம் வருகிறது. ஆண்டு 1955. சோவியத் மத்திய ஆசியாவிலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த கஸ்தக்ளோத்தவ், தனக்கு மருத்துவம் பார்த்த வேகாவுக்கு எழுதும் கடிதம் அது. தன் வீட்டில் தங்கிக்கொள்ளும்படி அவளே அவனை அழைத்திருந்தாள். அவன் தங்கவில்லை. வாழ்வின் முதல் பாதியைப் பலி கொடுத்துவிட்டாய், இரண்டாம் பாதியையாவது காப்பாற்றிக்கொள் என்ற பொருளில் எழுதிவிட்டு ரயிலேறுகிறான். கண் கலங்க வைக்கும் இடம்தான். ஆனால் பெண்ணாக வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. வேகாவின் ஆசை பற்றிய முடிவை, வேகாவைக் கேட்காமல் அவனே எடுத்துவிட்டான்.

அவன் பின்வாங்கக் காரணம் ஹார்மோன் சிகிச்சை. அவனுக்கு வந்திருந்தது புராஸ்டேட் புற்றுநோய் அல்ல. ஆனாலும் அவனுக்குப் போடப்பட்ட செயற்கைப் பெண் ஹார்மோன் ஊசியும், இன்று புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் சிகிச்சையும் உடலில் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆண் ஹார்மோனை அடக்கினால் புராஸ்டேட் புற்றுநோய் சுருங்கும் என்பதை சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941இல் காட்டினார்கள். ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று லூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஊசிகளை மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடுகிறார்கள். ஊசிச் செலவு தாங்காது என்று விந்தகங்களை அகற்றும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பவர்களும் நம் ஊரில் உண்டு. கதிர்வீச்சோடு சேர்த்துத் தரும்போது ஊசி 6 மாதத்திலிருந்து 2, 3 ஆண்டுகள் வரை நீளும். நோய் பரவிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

விளைவுகளைப் படித்துப் பாருங்கள். திடீரென்று உடம்பில் வெக்கை ஏறி வியர்த்துக் கொட்டும். எலும்பு மெலியும், தசை குறையும், இடுப்பு பருக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்கள் சத்தமில்லாமல் கடந்து வந்தவைதான் இதில் பாதி. அவற்றோடு இன்னொன்றும் நடக்கிறது: விறைப்பு மட்டுமல்ல, ஆசையே அடங்கிவிடுகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. ‘முடியவில்லை’ என்பவர் அதற்காக வருந்துவார். ‘தோன்றவில்லை’ என்பவருக்கு அது நின்றுபோனதே சில நாள் உறைப்பதில்லை. தொட்டால் அடுத்தது எதிர்பார்க்கப்படுமோ என்று கையைப் பிடிப்பதையும் தோளில் சாய்வதையும்கூட அவர் நிறுத்திவிடுவதுண்டு. பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு ஹார்மோன் தெரியாது. தன்னை வேண்டாம் என்கிறார் என்பது மட்டும் தெரியும்.

இந்த அனுபவத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் புத்தக விமர்சகராக இருந்த அனடோல் பிராயர்ட், புராஸ்டேட் புற்றுநோய் கண்டு 1990இல் இறந்தார். நோய்க்காலத்தில் அவர் எழுதியவை 1992இல் ‘இன்டாக்சிகேட்டட் பை மை இல்னெஸ்’ என்ற நூலாயின. நோயாளி தன் கவர்ச்சியை, தன் பாணியை இழந்துவிடக் கூடாது என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் எண்ணம். விந்தகங்களை அகற்றிவிடலாம் என்று மருத்துவர் சொன்னதையும், அது தன்னை மனச்சோர்வில் தள்ளும் என்று தான் மறுத்ததையும் எழுதுகிறார். துணிச்சலும் நகைச்சுவையும் கலந்த எழுத்து. ஆனால் அந்த இடத்தில் பேசுபவர்கள் இருவர்தான்: மருத்துவரும் நோயாளியும். எவ்வளவு ஆண்டுகள் உயிரோடு இருப்பது, எப்படிப்பட்ட உடலோடு இருப்பது என்ற அந்தப் பேரத்தில் மனைவிக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். அது எழுத்தில் இல்லை. அவர் இறந்த பிறகு அந்தக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கியவர் அவர் மனைவி அலெக்ஸாண்ட்ரா. உடலைப் பராமரிப்பது போலவே சொற்களைப் பராமரிக்கும் வேலையும் அவளுக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாவது நூல் இலக்கியம் அல்ல, கையேடு. கனடாவைச் சேர்ந்த ரிச்சர்ட் வாசர்சக், லாரன் வாக்கர், ஜான் ராபின்சன் ஆகியோர் எழுதி 2014இல் வெளிவந்த ‘ஆண்ட்ரோஜன் டிப்ரைவேஷன் தெரபி’. வாசர்சக் உயிரியலாளர், அவரே இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர். மற்ற இருவரும் உளவியலாளர்கள். மூன்று நூல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெட்கப்படாமல் பேசுகிறது. நெருக்கம் என்றால் ஒரே செயல் அல்ல, அதை இருவரும் சேர்ந்து மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்கிறது. சிகிச்சையில் இருந்த தம்பதிகளை வாக்கரும் ராபின்சனும் சந்தித்துச் செய்த ஆய்வுகளிலும் ஒரே விடை வரவில்லை. சிலர் உடலுறவை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். சிலர் புதிய வழிகளைத் தேடிக்கொண்டார்கள். சிலர் தவித்தார்கள்.

இருந்தும் அந்த நூலின் துணைத் தலைப்பில் என் கண் நின்றுவிடுகிறது. நோயாளிகளுக்கும் ‘அவர்களுடைய அன்புக்குரியவர்களுக்கும்’ வழிகாட்டி என்கிறது அது. அன்புக்குரியவள் என்றால் அன்பைப் பெற்றுக்கொள்பவள். அன்பு செய்பவள், ஆசைப்படுபவள் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. இந்த வகைக் கையேடுகள் எல்லாவற்றிலுமே மனைவிக்கு வேலைகள் காத்திருக்கின்றன. ஊசி தேதியை நினைவில் வை, உப்பைக் குறை, நடக்கக் கூட்டிப் போ, அவர் எரிந்து விழுந்தால் ஹார்மோன் என்று பொறுத்துக்கொள், அவருடைய ஆண்மை போய்விடவில்லை என்று தைரியம் சொல். இத்தனைக்கும் நடுவே ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்விக்கு ஓரிரு பத்திகள் கிடைத்தால் அதிகம்.

தமிழில் நிலைமை இன்னும் இறுக்கம். புராஸ்டேட்டை ‘ஆண்மைச் சுரப்பி’ என்றே எழுதுகிறோம். அது ஆண் ஹார்மோனைச் சுரப்பதே இல்லை. அதைச் சுரப்பவை விந்தகங்கள். ஆனாலும் பெயர் வைக்கும்போதே நோயை ஆணின் கௌரவத்தோடு முடிச்சுப் போட்டாயிற்று. பிறகு அந்த இழப்பு முழுக்க அவருடையது. ‘தாம்பத்தியம்’ என்று நாகரிகமாகச் சொல்லும்போதும் நாம் குறிப்பிடுவது அந்த ஒரு செயலைத்தான். அது நின்றால் தாம்பத்தியமே முடிந்தது. அவள் மனதில் ஏதாவது இருந்தால் ‘இந்த வயசுல என்ன?’ என்று வாயை அடைத்துவிடலாம். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் ஆசைக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள் எல்லாமே வசைச் சொற்கள்.

அதற்காக எல்லா மனைவிகளும் ஏங்குகிறார்கள் என்று எழுதினால் அதுவும் பொய்தான். முப்பது ஆண்டுகள் விருப்பமில்லாமல் இணங்கி வந்தவளுக்கு இந்த ஊசி ஒரு விடுதலையாகக்கூட வரலாம். அதை அவள் சொன்னால் கல்நெஞ்சக்காரி. ஏங்குகிறேன் என்று சொன்னால் வெட்கம் கெட்டவள். இரண்டையும் சொல்லாமல் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தால் உத்தமி. நோயாளியின் மனைவிக்கு நாம் விட்டு வைத்திருக்கும் இடம் இந்த மூன்றாவது மட்டும்தான். பெண்ணிய வாசிப்பு மற்ற இரண்டையும் பேசக்கூடியவை ஆக்க வேண்டும். இனி தொடுவதென்றால் பெரும்பாலும் அவள்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஆசையை அவள் முதலில் காட்டவே கூடாது என்று சொல்லி வளர்த்த சமூகம், திடீரென்று அந்தப் பொறுப்பை மருந்துச் சீட்டோடு அவள் கையில் கொடுக்கிறது.

வேகாவிடம் திரும்புவோம். தன் ஆண் தன்மையைக் கொடுத்து உயிரை வாங்க வேண்டுமா என்று கஸ்தக்ளோத்தவ் வாதிடும் அத்தியாயத்தில், அன்பு உடலோடு முடிந்துவிடுகிறது என்ற கருத்தை அவள் ஏற்க மறுக்கிறாள். வேறு விதமாக நினைப்பவர்கள் சிலராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோடு வாழ்வது என்கிறாள். அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் அது ஆறுதல் மொழி மட்டுமல்ல; தனக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்று அவள் தெளிவாகச் சொன்ன இடம். பல பக்கங்கள் கழித்து, கூட்டம் நெரியும் வண்டியில், ஆசை மிச்சமிருக்கிறது, வேறெதுவும் மிச்சமில்லை என்று அவனுக்குப் புரிகிறது. உடனே திரும்பிவிடுகிறான். அவள் சொன்னது அவன் நினைவுக்கு வந்திருந்தால், கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். அவள் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த ‘வேண்டாம்’ அவளுடையதாக இருந்திருக்கும்.