கைப்பேசிவழி ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் கற்போர் தற்சார்பும்

கைப்பேசிவழி மொழி கற்பித்தலை ஆதரிப்போர் பெரிதும் எடுத்துக்காட்டுவது வங்காளதேசத்தின் 'பிபிசி ஜானாலா' திட்டத்தையாகும். ஜானாலா என்பது வங்காளத்தில் சாளரத்தைக் குறிக்கும். பிரித்தானிய அரசின் நிதியுதவியுடன் 2009 நவம்பரில் அது தொடங்கப்பெற்றது. 3000 என்னும் எண்ணை அழைத்தபோது மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலித்தது. இணைய வசதி தேவைப்படவில்லை, கட்டணமும் குறைக்கப்பட்டிருந்தது. சில வாரங்களிலேயே இலட்சக்கணக்கான அழைப்புகள் வந்தன. வகுப்பறையில் வாய்திறக்க நாணுவோருக்கு இத்தகைய தனிமை பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அழைப்புகளின் பெருக்கத்தைக் கொண்டு கற்போர் தற்சார்பு எய்தினர் என முடிவுகட்டுதல் பொருந்தாது. இலக்கை வரையறுத்தல், பாடப்பொருளையும் அதன் வரிசையையும் தேர்தல், முறையைத் தெரிதல், பயிற்சியைக் கண்காணித்தல், பெற்றதை மதிப்பிடுதல் ஆகிய அனைத்திற்கும் கற்பவரே பொறுப்பேற்பதைத் தற்சார்பு என 1981இல் வெளிவந்த தம் நூலில் ஆன்றி ஓலெக் விளக்கினார். ஜானாலாவை அழைத்தவர் தேர்ந்தெடுத்தது நேரம், இடம், தமக்கேற்ற பாடநிலை ஆகியவற்றையே. இலக்கும் வரிசையும் பிறர் வகுத்தவை. இதனைத் தற்சார்பு என்பதினும் எளிய அணுக்கம் எனல் தகும்.

பேச்சுத்திறனைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது. கேட்பதனால் மட்டும் ஒலிவேறுபாடு புலப்படுவதில்லை. ஆங்கிலத்தில் குண்டூசியைக் குறிக்கும் சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'பின்' என்றே அமையும். தமிழில் ஒலிப்புடை வெடிப்பொலி இயல்பாகச் சொல்முதலில் வாராமையால், ஆங்கிலப் பழக்கம் குறைந்த தமிழ் மாணவர் இவ்விரண்டையும் நூறுமுறை கேட்டும் ஒன்றாகவே ஒலிக்கக்கூடும். தாம் பிழை செய்வதை அவர் அறியார். அறியாததைத் தாமே திருத்துவது எங்ஙனம்?

இங்குத்தான் கைப்பேசியின் மற்றொரு பயன், பலரால் சிறிதெனக் கருதப்படுவது, நோக்கற்குரியதாகிறது. அஃது ஒலிப்பதிவு. தம் குரலை மாதிரிக் குரலுடன் ஒப்பிட்டுக் கேட்டு, அழித்து, மீண்டும் பதியும் மாணவர் ஓலெக் கூறிய கண்காணிப்பையும் மதிப்பீட்டையும் தொடங்கிவிடுகிறார். முதற் சில முறை வேறுபாட்டைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் வேண்டும். பின்னர் அவர் விலகலாம்.

எனினும் ஓர் இடர் உண்டு. வாட்சப் வழியாகக் குரற்பதிவு அனுப்பப் பணித்தால், மாணவர் பலர் விடையை எழுதிவைத்துப் படித்துவிடுகின்றனர். அது வாசிப்பே அன்றிப் பேச்சன்று. நேர்முகத் தேர்வில் எதிர்பாராத வினா வரும்போது அவ்வாசிப்பு கைகொடாது. ஆகவே தங்குதடையின்றி ஒழுகும் பதிவினும், இடையே நின்று சொல்லைத் தேடித் திருத்திக்கொண்ட பதிவுக்கே ஆசிரியர் மிகுதியான மதிப்பெண் வழங்குதல் வேண்டும்.